மின் பொறியியல் படிக்க எந்த கல்குலேட்டர் வாங்கலாம்?

கேள்வி: தம்பி உயர்தரம் முடித்துவிட்டுக் கண்டியில் மின் பொறியியல் டிப்ளோமா படிக்கப் போகிறான். ஹட்டனில் ஒரு கடையில் கசியோ எஃப்எக்ஸ்-82ஈஎஸ் பிளஸ், எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ் இரண்டையும் காட்டினார்கள். விலையில் நல்ல வித்தியாசம். மலிவானதிலும் சைன், கொஸ், மடக்கை எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: போதாது. ஓமின் விதிக் கணக்குகள் வரைக்கும் 82 தாங்கும். ஏசி (ஆடலோட்ட) சுற்றுகள் தொடங்கியதும் கைவிட்டுவிடும், ஏனென்றால் அந்தக் கணக்குகளுக்குச் சிக்கலெண்கள் (மெய், கற்பனை என்று இரு பகுதி கொண்ட எண்கள்) வேண்டும், 82-இல் சிக்கலெண் மோட் கிடையாது. 252, 417 என்று பெட்டியில் போட்டிருக்கும் செயல்பாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். தம்பிக்கு முக்கியம் இந்த ஒரு மோட்தான்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 30 ஓம் தடையும் 40 ஓம் ரியாக்டன்ஸும் (ஏசிக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) உள்ள ஒரு சுருளில் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? 991ஈஎஸ் பிளஸ்ஸில் மோட், 2 அழுத்திவிட்டு, 230-ஐ 30+40i ஆல் வகுக்கச் சொல்லுங்கள் (i-க்கு இஎன்ஜி பொத்தான்). 2.76, −3.68 என்று (அல்லது அதே மதிப்புள்ள பின்னங்களாக) இரு பகுதியாக விடை வரும். அப்புறம் ஷிஃப்ட், 2, 3, சமன் பொத்தான். டிகிரியில் வைத்திருந்தால் 4.6∠−53.13 என்று காட்டும். அதாவது 4.6 அம்பியர், வோல்டேஜுக்கு 53 பாகை பின்னால். 82-இல் இதையே துண்டு துண்டாகப் போட வேண்டும். பரீட்சையில் நேரம் அங்கேதான் போகும்.

ஒரு குறையும் உண்டு. 991-இன் சமன்பாட்டு மோட் சிக்கலெண்களை ஏற்காது. இரண்டு கண்ணி (மூடிய வளையம்) உள்ள சுற்றுக் கணக்கு வந்தால் இம்பீடன்ஸ்களை (தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த சிக்கலெண்கள்) ஏ, பி, சி நினைவகங்களில் போட்டுவைத்து, துணிகோவை (டிட்டர்மினன்ட்) முறையில் தீர்க்கத் தம்பி பழகிக்கொள்ள வேண்டும்.

காசு இடித்தால் 570ஈஎஸ் பிளஸ் கேளுங்கள். சிக்கலெண் மோட் அதிலும் உண்டு, சூரியக்கலம் மட்டும் இல்லை. புதிய 991சிடபிள்யூவும் நல்லதுதான். ஆனால் பொத்தான் அமைப்பு மாறியிருப்பதால் சீனியர்கள் சொல்லித்தரும் வழிகள் அதில் பொருந்தாது.

போலிகளும் விற்கிறார்கள். மேலே சொன்ன கணக்குக்குச் சரியான விடை வராததை வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். காசு கொடுப்பதற்கு முன், பரீட்சை மண்டபத்துக்குள் எந்த மாதிரியை விடுவார்கள் என்று தம்பி கல்லூரியில் கேட்டுக்கொள்ளட்டும்.