சிவப்பு ஐசியோடு இந்தியா திரும்பிய மாமாவை எங்கே தேடுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருடைய அண்ணன் சிவப்பு ஐசிக்காரர், அதாவது குடியுரிமை இல்லாதவர். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் குடும்பத்தோடு இந்தியா போய்விட்டார். சில வருடம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர்களையும் அம்மா அடிக்கடி கேட்கிறார். எங்கே விசாரிப்பது?”

எடுத்த எடுப்பில் அலுவலகங்களுக்கு அலையாதீர்கள். பெயரை மட்டும் வைத்தும் தேடாதீர்கள். முனியாண்டி மகன் ராமசாமி என்று தோட்டத்துக்குத் தோட்டம் இருந்திருப்பார்கள். இங்கே எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன் (பிரிவு)? அங்கே எந்தக் கிராமம், எந்தக் குலதெய்வம்? இந்த நான்குக்கும் விடை இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விடை அம்மாவிடம்தான் இருக்கிறது. இந்த வாரமே கேட்டு, கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். “மாமா எங்கே போனார்” என்று கேட்டால் “ஊருக்கு” என்பார். “ஊருக்குப் போக எந்த ஸ்டேஷனில் இறங்கணும்னு சொன்னாங்க?” என்று கேட்டால் ஏதாவது ஒரு பெயர் வரும்.

வீட்டில் உள்ள பழைய தாள்களில் கடித உறைதான் முக்கியம். தபால் முத்திரை மங்கியிருந்தாலும் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அம்மாவின் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் பெயரோடு பிறந்த இடமும் அதில் இருக்கும். தோட்டம் எது என்பதற்கு அதில் துப்புக் கிடைக்கலாம். ஆனால் இன்னொருவருடைய முகவரியைக் கேட்டால் தரமாட்டார்கள். தாத்தா பாட்டியின் திருமணப் பத்திரத்தைத் தேடியும் அலைய வேண்டாம். திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டிய பலருக்குப் பத்திரமே கிடையாது. தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பயணிகள் பட்டியலைப் பலர் கேட்கிறார்கள். மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு இருப்பதுபோல் ஆள்வாரியான பதிவைக் கங்காணி (ஊரில் ஆள் திரட்டி அழைத்து வந்தவர்) வழியாக மலாயா வந்தவர்களுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

ஊர்ப்பெயர் கிடைத்ததும் மாவட்டத்தைச் சரிபாருங்கள். பழைய கடிதத்தில் ‘தென்னாற்காடு ஜில்லா’ என்று இருந்தால் இன்று அது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பிரிந்து கிடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, பிறகு திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியல் வாக்குச்சாவடி வாரியாக, தமிழிலேயே இணையத்தில் இருக்கிறது. அப்பா அல்லது கணவர் பெயரும் வீட்டு எண்ணும் அதில் வரும். மாமா இப்போது இல்லாமல் இருக்கலாம். அதனால் தந்தை பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், எந்தப் பட்டியலையும்விடக் குலதெய்வக் கோயில்தான் நம்பகமானது. வேலை தேடித் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்ட பங்காளிகள்கூட மாசி சிவராத்திரிக்கு அங்கே வந்து சேர்வார்கள். ஊர்த்திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் இடங்களில், எந்தக் குடும்பம் எங்கே போனது என்று வரி எழுதுகிறவருக்குத் தெரியும். பூசாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். “மலேயாவிலிருந்து வந்த குடும்பம்” என்று சொல்லிக் கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் அடையாளம் காட்ட வாய்ப்புண்டு.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே, நிலமோ வீடோ கேட்டு வரவில்லை, அம்மா அண்ணனைப் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான் என்று எழுதிவிடுங்கள். ஐம்பது வருடம் கழித்து வரும் சொந்தம் பங்கு கேட்குமோ என்ற பயத்தில் பதில் போடாமல் இருக்கிறவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேடுவது இதைவிடச் சுலபம். செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப்பதிவு) புத்தகங்கள் தோட்டம் கைமாறும்போதே போயிருக்கும், அவற்றை நம்பாதீர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறிப் போனது என்பதும் எழுதியிருக்கலாம். பள்ளி வேறிடத்துக்கு மாறியிருந்தாலும் பெரும்பாலும் பழைய தோட்டப் பெயரிலேயே இருக்கும். அப்புறம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தாமானுக்கு (குடியிருப்புப் பேட்டைக்கு) குடிபோனவர்கள் அன்றைக்கு எப்படியும் வருவார்கள். அம்மாவைக் கூட்டிப் போய்ப் பந்தியில் உட்கார வையுங்கள். பழைய தண்டல் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்) வீட்டுப் பிள்ளைகள் யாராவது கண்ணில் படுவார்கள். பல தோட்டத்துக்காரர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் லயத்து (தொழிலாளர் வீடுகளின்) வரிசை, பழைய புகைப்படம் போடலாம். ஐசி எண், பிறப்புப் பத்திரப் படம் மட்டும் போட வேண்டாம்.

தாத்தாவோ மாமாவோ தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். ம.இ.கா. முன்னாள் தலைவர் துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். 1960-இல் அவர் தொடங்கிய சங்கம் அது. பழைய பங்குச் சான்றிதழோ ரசீதோ பெட்டியில் கிடந்தால், குடும்பத்தைப் பற்றிய விவரம் ஏதாவது இருக்கிறதா என்று உறுப்பினர் எண்ணோடு சங்கத்துக்கு எழுதுங்கள். உறவு முறையை நிரூபிக்க அம்மாவின் பிறப்புப் பத்திர நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.