பழைய இசைத்தட்டுகளை வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் கையில் இருப்பது எந்தத் தட்டு என்று முதலில் பாருங்கள். நான் பார்க்காமல் பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கும் பரணிலிருந்துதான் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா போன மறுவருஷம் இறக்கினோம். மேலே எல்.பி.க்கள், அதாவது வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, அதிக நேரம் ஓடும் தட்டுகள்; அடியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், அதற்கும் பழைய, கனமான 78 தட்டுகள். எல்லாமே கறுப்பு, நடுவில் ஓட்டை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆல்கஹாலில் துடைத்தால் பளிச்சென்று ஆகும் என்று யூடியூபில் ஒருவர் காட்டினார். அம்மாவுக்கு இன்சுலின் போட வாங்கிய ஸ்பிரிட் வீட்டில் இருந்தது. பஞ்சில் நனைத்து ஒரு எல்.பி.யைத் துடைத்தேன், நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு 78-ஐ எடுத்தேன்.

நாலு சுற்றில் பஞ்சு கறுத்தது. அழுக்கு வருகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன். பஞ்சு தட்டோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் பார்த்தால் பாட்டு பதிந்த கோடுகள் இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது, அதில் பஞ்சு இழைகள் வேறு. அது அப்பா அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய நாதஸ்வரத் தட்டு.

78 தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கு. கதவுக்கு பாலிஷ் போடும் ஆசாரியிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்: "அரக்கை நாங்க ஸ்பிரிட்லதானே சார் கரைக்கிறோம்?" வினைலை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது என்று கமெண்டில் வாதாட வருபவர்களுக்கு: சரி, என் எல்.பி.க்கும் ஒன்றும் ஆகவில்லைதான். இருந்தாலும் அந்த பாட்டிலை இனி தட்டுகள் பக்கம் கொண்டுபோக மாட்டேன். தட்டு சுத்தம் செய்யும் மெஷின் வாங்கச் சொல்பவர்களுக்கு: கேட்டவர் வீட்டுப் பொருள் என்றுதான் கேட்டிருக்கிறார்.

இப்போது நான் செய்வது இதுதான். அரை லிட்டர் பேட்டரி தண்ணீரில் (உப்பு இல்லாத டிஸ்டில்டு வாட்டர்) பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. லேபிள் மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் கோடு போகும் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பேன். குறுக்கே தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் பேட்டரி தண்ணீரில் இன்னொரு முறை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் எல்.பி. அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். 78 என்றால் ஊறவே விடாமல், லேசான ஈரத்துணியால் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீர் ஏன் கூடாது என்றால், எங்கள் அப்பார்ட்மெண்ட் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அந்த உப்பு கோட்டுக்குள் போனால் படபடவென்று சத்தம்தான்.

அந்த நாதஸ்வரத் தட்டின் மறுபக்கம் தப்பித்தது. அம்மா கேட்கும்போது அதைத்தான் போடுகிறேன். "முதல் பக்கம் போடேன்டா" என்றால், ஊசி சரியில்லைம்மா என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.