கறுப்பு வேட்டிக்கு மெமோ வந்தால்?

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். 11 வருடமாகக் கார்த்திகையில் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறேன். இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. புதிதாக வந்திருக்கும் அதிகாரி, “அரசு ஊழியர் மதச் சார்பின்றி இருக்க வேண்டும். கறுப்பு வேட்டி, துளசி மாலையுடன் வருவதற்கு 3 நாளில் விளக்கம் தரவும்” என்று மெமோ கொடுத்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஹிஜாப் அணியும் சகோதரி “அடுத்தது நானா?” என்று கேட்கிறார். மாலையைக் கழற்ற வேண்டுமா?

பதில்: மாலையைக் கழற்ற வேண்டாம். ஆனால் “சாமி பார்த்துக்கொள்வார்” என்று மெமோவை மேசை டிராயரில் போட்டுவிடவும் வேண்டாம். 3 நாளுக்குள் விளக்கம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய மெமோ நகலைப் படித்தேன். எந்த விதியின் கீழ் விளக்கம் கேட்கிறார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் பதிலின் முதல் வரி அங்கேயிருந்து தொடங்கட்டும். அரசு வேலையில் சேர்ந்துவிட்டதாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழப்பதில்லை என்று காமேஸ்வர் பிரசாத் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசமைப்பின் 25-வது பிரிவு தரும் மத உரிமைக்குப் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் போன்ற வரம்புகள் உண்டு. இதில் எது உங்கள் துளசி மாலையால் கெட்டது என்பதை அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

உடை விஷயத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது 2019-இல் வந்த அரசாணை. தலைமைச் செயலகக் கையேட்டைத் திருத்தி வந்த ஆணை அது. துணை முதல்வராக இருந்த உதயநிதி ஸ்டாலின் டி-சர்ட் போடலாமா என்று 2024-இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களும் அதைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அதிலேயே ஆண்கள் சட்டையுடன் வேட்டி அணியலாம் என்று இருக்கிறது. எனவே கறுப்பு வேட்டிக்கு மேல் ஒழுங்கான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தால் உங்கள் பக்கம் நான் வாதாட ஒன்றும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. “மாலை போடுவது என் மதத்தின் அத்தியாவசிய வழக்கம்” என்று விளக்கத்தில் எழுதாதீர்கள். பலரும் அப்படித்தான் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அத்தியாவசியம் என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்டவர் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். முடியை மழிப்பதைத் தன் மதம் தடை செய்கிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. 2018 சபரிமலைத் தீர்ப்பிலும் ஐயப்ப பக்தர்களைத் தனி மதப்பிரிவாகப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. “தடை செய்யும் விதி எது?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீருடைப் பணி என்றால் கதை வேறு. காவல், ராணுவம் போன்ற படைகளில் உள்ளவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் குறைக்கலாம் என்று 33-வது பிரிவே சொல்கிறது. அங்கேயும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. தாடி வைத்ததற்காகவும் வேறொரு காரணத்துக்காகவும் தண்டிக்கப்பட்ட மதுரைக் காவலர் ஒருவரின் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 ஜூலையில் தண்டனையை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைக்கலாம் என்று 1957-ஆம் வருடத்து மெட்ராஸ் போலீஸ் கெசட்டில் இருந்தது அவருக்குக் கைகொடுத்தது.

சகோதரியிடம் சொல்லுங்கள்: கர்நாடக ஹிஜாப் வழக்கு மாணவிகளின் சீருடை பற்றியது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். அதைக் காட்டி அலுவலக ஊழியரின் தலைத் துணியை எடுக்கச் சொல்ல முடியாது. உங்கள் மாலைக்கு ஒரு நியாயம், அவர் துணிக்கு ஒரு நியாயம் என்றால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 14-வது பிரிவு குறுக்கே நிற்கும்.

அதிகாரியின் கவலையிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் அரசு ஊழியர் பணியில் எந்த மதச் சின்னமும் அணியக் கூடாது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2019-இல் ஆசிரியர், அரசு வழக்கறிஞர், போலீஸ் போன்றவர்களுக்கு அப்படிச் சட்டம் போட்டது. தலைப்பாகையோடு சீக்கியர் போலீஸ் வேலை பார்க்கும் நம் நாடு அந்த வழியில் போகவில்லை. ஆனால் உங்கள் இருக்கையை நினைத்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ் மனுக்கள் அங்கேதான் வருகின்றன. 1950-ஆம் வருட ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது. வீட்டுச் சுவரில் சிலுவை இருக்கிறதா என்று விசாரணை போகும் கோப்பு அது. சர்ச்சுக்குப் போகும் பெண் ஒருத்தி மனுவோடு நிற்கும்போது, மாலையோடு இருக்கும் நீங்கள் “சர்ச்சுக்குப் போவீங்களா சாமி?” என்று கேட்டால் அவர் மனதில் என்ன ஓடும்? மாலை போட்டால் எல்லோரும் சாமிதான், எனக்கும் தெரியும். மனுதாரரை மட்டும் அம்மா, ஐயா என்றே கூப்பிடுங்கள். அவர் கோப்பு ஒரு நாள்கூட அதிகமாக உங்கள் மேசையில் தங்க வேண்டாம். அப்புறம், சுவரில் ஐயப்பன் படம் மாட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி அண்ணா முதல்வராக இருந்த 1968-லேயே உத்தரவு போயிருக்கிறது. கழுத்து உங்களுடையது, சுவர் அரசாங்கத்துடையது.

விளக்கத்தை ஏற்காமல் அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 17(ஏ)-வில் குற்றச்சாட்டு கொடுத்தால் பதில் எழுதும் முன் என்னைப் பாருங்கள். இன்கிரிமென்டை நிறுத்தினாலும் மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் உயர் நீதிமன்றமும் உண்டு.

மலைக்குப் போகும் நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மதுரைக் காவலர் மீது இருந்த இன்னொரு குற்றச்சாட்டு, விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பவில்லை என்பதுதான்.