பதக்கத்தைத் தேய்க்காதீர்கள்

அன்புள்ள ஐயா,
வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். ராணுவ அருங்காட்சியகம் ஒன்றில் காப்பாட்சியர் ஆக வேண்டும் என்பது ஆசை. பரோடாவில் மியூசியாலஜி (அருங்காட்சியகவியல்) படிக்கலாமா, கடன் வாங்கியாவது இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகம் போகலாமா? என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் மெசபடோமியா (இன்றைய இராக்) போனவர். அவருடைய இரண்டு பதக்கங்களையும் பிராஸோ பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.
க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

பரோடா போதும், கடன் வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. இந்த வேலைக்கு எப்போதாவதுதான் ஆள் எடுக்கும். வயது வரம்பில் ஒரு கண் இருக்கட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். காப்பாட்சியர் ஆக வேண்டிய பிள்ளை செய்கிற காரியமா அது? கொள்ளுத்தாத்தா மேல் உள்ள பாசத்தில் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பாசத்தில் அழிந்த பதக்கங்கள்தான் அதிகம்.

முதல் உலகப் போருக்கு என்றால் அநேகமாக ஒன்று வெள்ளிப் போர்ப் பதக்கம், மற்றது வெண்கல வெற்றிப் பதக்கம். (போர்ப் பதக்கமே வெண்கலமாக இருந்தால் அவர் சாப்பர்ஸில் இல்லாமல் தொழிலாளர் படையில் போயிருக்கலாம். வீட்டில் சொல்லும் கதையைவிட உலோகத்தை நம்புங்கள்.) இரண்டின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு மெல்லிய எழுத்தில் பொறித்திருக்கும். பிராஸோவில் இருப்பது அராவும் தூள். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது, விளிம்பில் உள்ள எழுத்தும் தேய்கிறது. நம் ஆட்களின் பெயரோ இனிஷியல் இல்லாத வெறும் முனுசாமி. ஒரே பிரிவில் நாலு முனுசாமி இருப்பார்கள். பிரித்துக் காட்டுவது அந்த எண் மட்டும்தான். அதில் ஒரு 8 தேய்ந்து 3 ஆனால் அவர் வேறொரு ஆள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே பதக்கம் தந்தது. இந்தியப் படையினருக்குப் பொறித்துத் தந்தார்கள். கிடைத்ததை நாமே அழிக்கிறோம்.

இன்றைக்கே ஃபிரேமைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பரோ கம்பளித் துணியோ இருந்தால் அதிலிருந்து கந்தகம் கசியும், வெள்ளி கறுக்கும், நீங்கள் மறுபடி தேய்ப்பீர்கள். எழுத்துக்குள் அப்பியிருக்கும் வெள்ளைப் பொடியைக் குண்டூசியால் நோண்ட வேண்டாம். மெல்லிய தூரிகையில் வருவது வரட்டும். பதக்கம் தொங்கும் துணி நாடாவைத் துவைக்காதீர்கள், வெயில் படாமல் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விளிம்பு முழுவதையும் படமெடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. பிறகு அமிலமில்லாத டிஷ்யூ தாளில் தனித்தனியாகச் சுற்றி, பாலித்தீன் ஜிப் பையில் போடுங்கள். பி.வி.சி. உறை மட்டும் ஆகாது, வெண்கலத்தில் பச்சை பிடிக்கும்.

ஒரு நோட்டுப் போட்டு பதக்கத்துக்கு ஒன்றாக வரிசை எண் கொடுங்கள். எண்ணைப் பதக்கத்தில் எழுதாமல் சிறு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். நோட்டில் விட்டம், எடை, விளிம்பில் உள்ள எழுத்து. தெளிவில்லாத எழுத்துக்கு ஊகித்து எழுதாமல் புள்ளி வையுங்கள். வீட்டில் கேட்டதைத் தனிக் கட்டத்தில், யார் சொன்னார், எந்தத் தேதியில் என்பதோடு எழுதுங்கள்.