ஊராட்சித் தலைவர் தேர்தலில் 7 ஓட்டில் தோல்வி: ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா?

மேடவாக்கம் பக்கத்து ஊராட்சி, அண்ணன் 7 ஓட்டில் தோற்றார், 20 வாக்குச்சீட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்கிறீர்கள். ரிட் (ஹைகோர்ட்டிடம் நேரடியாக உத்தரவு கேட்கும் மனு) போடலாம், நிற்காது. ஊராட்சித் தேர்தலைத் தேர்தல் மனு மூலம் மட்டுமே எதிர்க்க முடியும் என்று அரசியலமைப்பின் 243-ஓ பிரிவே சொல்கிறது. ஹைகோர்ட் இருக்கும் பாரிமுனையிலிருந்து திருப்பி அனுப்பப்படும்போது தேர்தல் மனுவுக்கான கெடுவில் பாதி கரைந்திருக்கும். கோயம்பேட்டில் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்களுக்கான வழி, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 258. முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனு. வேட்பாளரும் போடலாம், அந்த ஊராட்சி வாக்காளரும் போடலாம். முகவரியில் சென்னை என்று எழுதினாலும் உங்கள் ஊராட்சி செங்கல்பட்டு மாவட்டம், அதனால் செங்கல்பட்டு நீதிமன்றம். கெடுவைக் கணக்கிடுவது இப்படி: 2021 அக்டோபர் 12இல் முடிவு வெளியாகியிருந்தால் கடைசி நாள் நவம்பர் 26. தாமதத்தை மன்னிப்பார்கள் என்று நம்பவே வேண்டாம். முதல் மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். மனுவில் குறை சொல்லித் திருப்பினால் சரிசெய்ய நாள் வேண்டும்.

பல மனுக்கள் தோற்பது கெடுவில் அல்ல, எழுதும் விதத்தில். "எண்ணிக்கையில் முறைகேடு நடந்தது, மறுபடி எண்ண வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் நீதிமன்றம் வாக்குப் பெட்டியைத் திறக்காது. ரகசிய வாக்கு என்பதால் அதில் மிகவும் கறார். எந்த மேசை, எந்தச் சுற்று, எத்தனை சீட்டு, என்ன காரணம் சொல்லி ஒதுக்கினார்கள், எண்ணும் இடத்தில் இருந்த உங்கள் முகவர் அங்கேயே எழுத்தில் ஆட்சேபித்தாரா, முடிவை அறிவிக்கும் முன் மறு எண்ணிக்கை கேட்டாரா என்பதெல்லாம் மனுவில் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்புச் சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டி, இரண்டு சின்னத்தில் முத்திரை விழுந்தது போலத் தெரியும். ஸ்வஸ்திக் முத்திரையை அப்படி வடிவமைத்ததே இதற்காகத்தான்: ஒட்டிய தடம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும், எது அசல் என்று பார்த்தாலே தெரியும். அப்படிப்பட்ட சீட்டுகளை ஒதுக்கியிருந்தால் அது வலுவான வாதம். இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் முத்திரை விழுந்து, யாருக்கு என்றே தெரியாத சீட்டுக்கு வாதமில்லை.

அடுத்தது கணக்கு. தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் முடிவே மாறியது என்று காட்ட வேண்டும். வித்தியாசம் 7, ஒதுக்கியது 20 என்பதால் உங்களுக்கு இடமிருக்கிறது. ஆனால் அந்த 20இல் அண்ணனுக்கு விழுந்தவை எத்தனை என்று முகவரின் குறிப்பில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள்.

பணப் பட்டுவாடாவையும் சேர்க்கச் சொல்லி ஊரில் தூண்டுவார்கள். யார், யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம், எவ்வளவு என்று சாட்சியோடு சொல்ல முடிந்தால் மட்டும் சேருங்கள். கிரிமினல் வழக்கு அளவுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

அண்ணனையே வென்றவராக அறிவிக்கக் கேட்பதானால் மற்ற வேட்பாளர்கள் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். முடிவுத் தாளின் சான்றிட்ட நகலுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். எண்ணும் இடத்தில் கேமரா இருந்திருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.