அவதூறு வழக்கு: முதலில் கூண்டில் ஏறுவது நீங்கள்தான்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், கூடவே தெருவில் இருபது பேரை வைத்துச் சீட்டும் நடத்துகிறேன். எதிர்வீட்டுப் பெண் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில், “அந்தம்மாகிட்ட சீட்டு கட்டாதீங்க, ஏற்கெனவே நாலு பேர் பணத்தைச் சுருட்டினவங்க” என்று போட்டுவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், “இதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா? அவளை உள்ளே தள்ள முடியாதா?
— பெயர் வேண்டாம், கரூர்

பதில்: தட்டிக்கழிக்கவில்லை அம்மா. ஸ்டேஷனில் எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவது நம் வழக்கம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. அவதூறு என்பது போலீஸ் தானாகக் கையில் எடுக்கக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். போலீஸை விசாரிக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கவும் வழியில்லை. 2016ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கின்றன. வாயால் சொன்னாலும், எழுதினாலும், படம் போட்டுக் காட்டினாலும் ஒரே பிரிவுதான். தண்டனை அதிகபட்சம் இரண்டு வருட வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையையும் சேர்த்திருக்கிறார்கள். ஜாமீன் தரக்கூடிய குற்றம், சமரசமாகவும் போகலாம். ஆக, உள்ளே தள்ளும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

வழக்கு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். புகார் கொடுத்ததும் மாஜிஸ்திரேட் முதலில் உங்களைத்தான் பிரமாணம் வைத்து விசாரிப்பார். அடுத்து, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆவது பிரிவுப்படி, வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சம்மன், அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. விசாரணை தொடங்கும் நாளில் முதல் சாட்சி நீங்கள். அவள் வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தால் என் முதல் கேள்வி, “சீட்டைப் பதிவு செய்திருக்கிறீர்களா அம்மா?” என்பதுதான். 1982ஆம் வருட சிட்பண்டு சட்டப்படி அனுமதியும் பதிவும் வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கேள்வி, “யாருக்காவது சீட்டுப் பணம் தாமதமாகக் கொடுத்திருக்கிறீர்களா?” தெருவில் சிலர் படித்துவிட்டு மறந்துபோன விஷயம், கோர்ட் பதிவேட்டில் கேள்வி பதிலாக ஏறும்.

சாட்சி கிடைப்பதும் லேசில்லை. உங்களை மற்றவர்கள் மதிப்புக் குறைவாக நினைக்கும்படி அந்தப் பேச்சு இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரு வழக்கில் என் கட்சிக்காரருக்காக அவருடைய நெருங்கிய சிநேகிதரையே கூண்டில் ஏற்றினோம். அவர் நெஞ்சை நிமிர்த்தி, “யார் என்ன சொன்னாலும் நான் இவரைப் பற்றித் தப்பா நினைக்கவே மாட்டேன் ஐயா” என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார், குறுக்கு விசாரணையே செய்யவில்லை. நல்ல சிநேகிதர்கள் அவதூறு வழக்கில் மோசமான சாட்சிகள்.

இதற்கெல்லாம் தயார் என்றால், அந்த மெசேஜ் உள்ள போனைப் பத்திரமாக வையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழும் சேர வேண்டும். கிரிமினல் வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போவதானால் ஒரே வருடம்தான், கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணமும் உண்டு. என்னைக் கேட்டால், முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, அதே குரூப்பில் மறுப்பும் வருத்தமும் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்த நான்கு வரிதானே? அதற்கு முன் சீட்டு விஷயத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய கூட்டாளி 2021ல் கடைக் கல்லாவில் கைவைத்தவர். ரசீது, கணக்கு எல்லாம் என்னிடம் உண்டு. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொன்னேன், சம்பந்தம் முறிந்துவிட்டது. இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. உண்மையைச் சொல்வது குற்றமா?
— கே. எஸ்., பொள்ளாச்சி

பதில்: குற்றமாகலாம். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் உங்களுக்கு அதுவே போதும். கிரிமினலில் அப்படி இல்லை. சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். சட்டத்தில் உள்ள பத்து விதிவிலக்குகளில் முதலாவது இது. கல்யாணப் பேச்சில் பொது நன்மையைக் காட்டுவது கஷ்டம்.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது பத்தாவது விதிவிலக்கு: கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரித்தால் அவதூறு ஆகாது. அவர்களாக உங்களைத் தேடி வந்து விசாரித்தார்களா, நீங்களாகப் போய்ச் சொன்னீர்களா? கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். தேடி வந்து கேட்டிருந்தால் உங்கள் கட்சி பலமாக இருக்கும். நீங்களாகப் போயிருந்தால், கணக்குத் தகராறுக்குப் பழிவாங்கினீர்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். கல்லாவில் கைவைத்தவர் அப்பா, சம்பந்தம் முறிந்தது மகளுக்கு. மாஜிஸ்திரேட்டும் மனுஷர்தான். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும்போது வீராப்பு வேண்டாம். ரசீது இருந்தால் 2021லேயே போலீஸுக்குப் போயிருக்கலாம். நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் கொடுக்கும் புகாருக்கு எட்டாவது விதிவிலக்கு பாதுகாப்புத் தருகிறது.

கேள்வி: ஒரு நகைச்சுவைப் பேச்சாளர் மேடையில், “கல்யாண சமையல் கான்ட்ராக்டர்கள் எல்லாரும் நெய் டின்னை வீட்டுக்குத் தூக்கிப் போறவங்க” என்றார். எங்கள் தொழிலையே கேவலப்படுத்தியதற்கு வழக்குப் போடலாமா?
— சமையல் கான்ட்ராக்டர், மயிலாடுதுறை

பதில்: “எல்லாரும்” என்ற வார்த்தைதான் அவரைக் காப்பாற்றுகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சும் அவதூறாகலாம், ஆனால் அது இன்னார் இன்னார் என்று அடையாளம் காணக்கூடிய கூட்டமாக இருக்க வேண்டும். “மயிலாடுதுறை சங்க நிர்வாகிகள்” என்று சொல்லியிருந்தால் கதை வேறு. நடிகை குஷ்பு 2005ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வழக்குகள் பாய்ந்தன. புகார் கொடுத்த யாரையும் அவர் குறிப்பிட்டுப் பேசவில்லை என்பதும் ஒரு காரணமாக, 2010ல் உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் ரத்து செய்தது.

ராகுல் காந்தி வழக்கும் இந்த ரகம்தான். 2019 ஏப்ரலில் கர்நாடகாவின் கோலாரில் மோடி என்ற குடும்பப்பெயரை வைத்துப் பேசினார். வழக்கு நடந்தது குஜராத்தின் சூரத்தில். 2023 மார்ச் 23ல் அதிகபட்ச தண்டனையான இரண்டு வருடம் கொடுத்தார்கள், மறுநாளே எம்.பி. பதவி போனது. ஒரு நாள் குறைத்திருந்தால் பதவி போயிருக்காது. அதிகபட்சம் ஏன் என்று கீழ்க் கோர்ட் காரணமே சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 4ல் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒரு பெயரை வைத்துப் பேசியது அந்தப் பெயருள்ள ஒவ்வொருவரையும் தொடுமா என்ற கேள்வியில் எனக்கு இன்னமும் சூரத் தீர்ப்போடு உடன்பாடு இல்லை. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். நெய் டின்னை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறுங்கள்.

கேள்வி: இந்தச் சட்டமே தேவையா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இலங்கை 2002லேயே கிரிமினல் அவதூறை எடுத்துவிட்டது. நமக்கு 1860ல் இந்தச் சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்தும் தன் பங்குக்கு 2010ல் எடுத்துவிட்டது. நாம் வைத்திருக்கிறோம். சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2016 மே 13ல் உச்ச நீதிமன்றம், நற்பெயரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி இதைச் செல்லும் என்றது. அவரை அங்கே போக வைத்ததே அன்றைய தமிழக அரசு அவர் மேல் போட்ட வழக்குகள்தான். முதல்வர், அமைச்சர் என்றால் நம்மைப் போலக் கூண்டேற வேண்டியதில்லை. அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். என்னை உறுத்துவது இந்தப் பாகம்தான். ஐந்து வருடத்தில் 200க்கும் மேற்பட்ட வழக்குகளை அன்றைய அரசு போட்டிருந்தது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகையாளர்கள் மேல் இருந்த இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தபோது, அரசு பெற்றோரைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்றார். தனி மனிதர்களுக்குச் சிவில் வழக்கு போதும், அரசுக்கு எதுவுமே வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: நான் குரூப் அட்மின். உறுப்பினர் ஒருவர் போடும் அவதூறுக்கு என்னையும் இழுப்பார்களா?
— ஆர். வி., தேனி

பதில்: அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக இழுக்க முடியாது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வாட்ஸ்அப் அட்மின் விஷயத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களே அதைப் பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், “நான் எழுதலையே” என்பது பதிலாகாது.

கேள்வி: இறந்துபோன என் அப்பாவைப் பற்றிக் கோயில் கூட்டத்தில் கேவலமாகப் பேசினார்கள். அவருக்காக நான் வழக்குப் போட முடியுமா?
— எம். பி., சிவகங்கை

பதில்: முடியும். உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் பேச்சாக இருக்க வேண்டும். குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கமும் பேசியவருக்கு இருந்திருக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தவர்களில் யார் சாட்சிக்கு வருவார்கள் என்று முதலில் பாருங்கள். பேச்சைப் போனில் யாராவது பதிவு செய்திருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.