பதினேழாவது வாக்குக்குப் பிறகு

வணக்கம். டைபீரியஸ் கிராக்கஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஏழைகளுக்கு நிலம் கேட்டவர், சரி. ஆனால் சக டிரிபியூன் (சட்டத்தைத் தடுக்கும் உரிமையுள்ள மக்கள் பிரதிநிதி) ஆக்டேவியஸைப் பதவியிலிருந்து இறக்கியவரும் அவர்தானே? ரோமக் குடியரசின் முறையை முதலில் உடைத்தவர் அவர் என்று சொன்னால் தவறா?
செ.

அன்புள்ள செ.,

தவறில்லை. ஒரு டிரிபியூனை மக்கள் வாக்கால் நீக்குவது அதுவரை கேள்விப்படாத காரியம். ஆனால் அது எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, கி.மு. 137இல், அவர் ஸ்பெயினில் படையின் கணக்கு அதிகாரி. நுமான்சியாவில் ரோமப் படை தோற்றுச் சிக்கியபோது, எதிரியிடம் பேசி 20,000 பேரை உயிரோடு மீட்டவர். பறிபோன பொருட்களில் அவருடைய கணக்குப் பலகைகளும் இருந்தன. படை கிளம்பிய பிறகு மூன்று நான்கு பேரோடு திரும்பிப்போய் அவற்றைக் கேட்டார். நுமான்சியர்கள் உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, பலகைகளைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பூஜைக்குக் கொஞ்சம் சாம்பிராணி மட்டும் எடுத்துக்கொண்டார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

கேட்டுப் பெற முடியும் என்று நம்பிய அதே மனிதர்தான் 133இல் டிரிபியூன் ஆனார். பொதுநிலத்துக்கு ஆளுக்கு 500 யூகெரா, அதாவது சுமார் 310 ஏக்கர் என்ற பழைய உச்சவரம்பைத்தான் திரும்பக் கொண்டுவந்தார். ஆக்டேவியஸ் தடுத்தார். அவரிடமும் பொதுநிலம் நிறைய இருந்தது. அந்த நட்டத்தைச் சொந்தப் பணத்தில் ஈடுகட்டுவதாக டைபீரியஸ் சொல்லிப்பார்த்தார், பலனில்லை.

அப்புறம்தான் வாக்கெடுப்பு. ரோமில் குலத்துக்கு ஒரு வாக்கு. 35 குலங்களில் 17 நீக்கச் சொல்லிவிட்டன, இன்னும் ஒன்று போதும். அங்கே வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு, கூட்டத்தின் முன்னால் ஆக்டேவியஸைக் கட்டித்தழுவிக் கெஞ்சினார். ஆக்டேவியஸின் கண்கள் கலங்கின. ஆனால் அங்கே நின்ற நிலக்காரர்களைப் பார்த்ததும் மறுத்துவிட்டார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க ஒவ்வொரு முறையும் மனசு வராது.

முறையை மீறினார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் சிந்த வைத்தது அவரல்ல. அவர் மீண்டும் தேர்தலில் நின்றபோது, அவருடைய உறவினரும் தலைமைப் பூசாரியுமான சிப்பியோ நாசிகா செனட்டர்களைத் திரட்டி வந்தார். உடைந்த பெஞ்சுக் கால்களாலேயே அடித்துக் கொன்றார்கள். கூடவே 300 பேருக்கு மேல். உடலைக் கேட்டு வந்த தம்பிக்குக்கூடக் கொடுக்காமல், ராத்திரியோடு ராத்திரியாக டைபர் ஆற்றில் எறிந்தார்கள்.

சட்டம் மட்டும் நின்றது. அதன்படி நிலம் அளந்து நட்ட எல்லைக்கற்கள் தெற்கு இத்தாலியில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தம்பி காயஸின் பெயர் இருக்கிறது.